தள்ளியவன் பெயர் முதலில் வரும்

போன கிழமை உரைபெயர்ப்புப் பயிற்சி வகுப்பு முடிந்து நான் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் வந்து கேட்டார்: "அன்ரி, கிராமர் எல்லாம் அவ்வளவு டீப்பாத் தெரியவேணுமே? வேர்ட்ஸ் தெரிஞ்சாச் சமாளிக்கலாம்தானே?"

சமாளிக்கலாம். தாராளமாகச் சமாளிக்கலாம். நான் வேலை செய்த காலம் முழுக்கச் சமாளித்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வருவார்கள், தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடிப்பார்கள், சமாளிப்பார்கள், பிறகு காரில் ஏறி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். அவர்கள் சமாளித்த வசனத்துக்குச் சொந்தக்காரன் மட்டும் நாடு கடத்தப்பட்டு விமானம் ஏறுவான். உரைபெயர்ப்புத் தொழிலில் பிழை விடுகிறவனுக்கு ஒரு நாளும் வலிப்பதில்லை. இந்தத் தொழில் கெட்டுப்போனதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு அன்று பதில் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இப்போது சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வு பெறும்வரை நான் குடிவரவு விசாரணைகளில் தமிழ் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். தமிழைத் தவிர இன்னொரு மொழிக்கும் என் பெயர் பதிவில் இருந்தது: மண்டாயிலிங். இந்தோனேசியாவில் வட சுமாத்திராவின் மலைப்பக்கத்தில் பேசுகிற மொழி. யாழ்ப்பாணத்துக்காரிக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இங்கே கனடாவில் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தேன். அந்த மொழியின் வசன அமைப்பைப் பற்றி ஆய்வேடு எழுதவென்று பனியபுங்கான் என்ற ஊரில் போய் இருந்தேன். அந்த ஆய்வேட்டை நானும் என் மேற்பார்வையாளரும் தவிர வேறு ஒருவரும் வாசிக்கவில்லை. மேற்பார்வையாளர் வாசித்தாரா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை, ஆகவே உரைபெயர்ப்புக்கு வந்தேன். மண்டாயிலிங்குக்கு யாரும் கூப்பிடுவார்கள் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

கூப்பிட்டார்கள். அதுவும் இரண்டாவது முறையில்தான். முதல் நாள் விசாரணைக்கு மண்டரின் சீனம் பேசும் ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். மண்டாயிலிங் என்று எழுதியிருந்ததை, உரைபெயர்ப்பாளர்களை அனுப்பும் ஏஜென்சியில் இருந்த யாரோ எழுத்துப் பிழை என்று எண்ணித் 'திருத்தி' விட்டார்களாம். அந்தப் பெண் வணக்கம் சொல்ல, எதிரில் இருந்தவன் பேந்தப் பேந்த விழிக்க, விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. அதன் பிறகுதான் என் தொலைபேசி அடித்தது.

எதிரில் இருந்தவனின் பெயர் ரஹ்மத். பிக்கரிங்கில் ஒரு மரக்கறிக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. அவனும் அவனுடைய மச்சான் முறையான இல்ஹாமும் ஒன்றாக வந்து, ஒன்றாக ஒரு நிலக்கீழ் அறையில் குடியிருந்து, ஒரே இடத்தில் வேலை செய்தவர்கள். ஒரு நாள் காலை இருவருக்கும் வாய்த்தர்க்கம். லொறி வந்து நிற்கிற உயரமான மேடையின் விளிம்பில் இது நடந்தது. இல்ஹாம் கீழே விழுந்தான். தலையில் பலத்த அடி. உயிர் தப்பினான், ஆனால் அந்த நாள் அவனுடைய நினைவிலிருந்து துடைத்துப் போட்டதுபோலப் போய்விட்டது.

ரஹ்மத் தள்ளினான் என்பது அரச தரப்பின் குற்றச்சாட்டு. நிரூபித்தால் அவனுடைய வேலை அனுமதி போகும், ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இல்லை, இல்ஹாம்தான் என்னைத் தள்ள வந்தான், நான் விலகினேன், அவன் நிலை தடுமாறி விழுந்தான் என்று ரஹ்மத் சொல்லியிருந்தான். குற்றம் சாட்டப்பட்டவன் சொல்வதை யார் நம்புவார்கள்?

நடந்ததைக் கண்ணால் கண்டவள் ஒருத்தி இருந்தாள். நூர் என்று பெயர், அதே களஞ்சியத்தில் கோவாவும் கரட்டும் பொதி செய்தவள். அவள் அன்றைக்கே ஊரில் இருந்த தன் தங்கைக்கு ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தாள். விசாரணைக்கு முன்பே அவள் ஊர் திரும்பிவிட்டாள், பிறகு ஒருவருடைய அழைப்பையும் எடுக்கவில்லை. மிஞ்சியது அந்தக் குரல்செய்தி மட்டும். அரச தரப்பு அதைத் தங்கையிடமிருந்து வாங்கி, ஒரு நிபுணரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வைத்திருந்தது.

அந்த நிபுணரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜகார்த்தாவில் கொஞ்சக் காலம் இருந்து இந்தோனேசிய மொழி படித்த கனடியர். வெட்டிச் சீராக்கிய தாடி, சட்டைப்பையில் இரண்டு பேனை. மண்டாயிலிங் தெரியுமா என்று கேட்டதற்கு, "அது அடிப்படையில் இந்தோனேசிய மொழியின் ஒரு வட்டார வழக்குப் போலத்தான்" என்றார். மலையாளம் என்பது கொஞ்சம் மூக்கால் பேசும் தமிழ்தான் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் அதைச் சொன்ன குரலில் இருந்த உறுதி! அந்த உறுதிக்குத்தான் அவருக்குக் கூலி கொடுத்தார்கள் என்று இப்போது விளங்குகிறது.

காலையில் என் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். இடப்பக்கம் நூரின் சொற்கள், வலப்பக்கம் நிபுணரின் ஆங்கிலம். அரச தரப்புப் பிரதிநிதி ஆங்கிலத்தை வாசிக்க, நான் ரஹ்மத்தின் காதில் மண்டாயிலிங்கில் சொல்லவேண்டும். அவ்வளவுதான் என் வேலை. அவர் வாசித்தார்: "இல்ஹாம் ரஹ்மத்தால் தள்ளப்பட்டான்."

என் கண் இடப்பக்கம் போனது. நூர் சொல்லியிருந்தது இது: டிதுலாக் சி இல்ஹாம் சி ரஹ்மத்.

இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். தமிழில் நமக்கு 'ஐ' என்று ஓர் உருபு இருக்கிறது. 'இல்ஹாமை ரஹ்மத் தள்ளினான்' என்றாலும் 'ரஹ்மத் இல்ஹாமைத் தள்ளினான்' என்றாலும் விழுந்தவன் இல்ஹாம்தான். பெயரை எங்கே தூக்கிப் போட்டாலும் அந்த 'ஐ' ஒட்டிக்கொண்டு போய்க் காட்டிக்கொடுக்கும். அந்தச் சொகுசில் வளர்ந்ததால்தான் நமக்கு வரிசையைப் பற்றிக் கவலை இல்லை. மண்டாயிலிங்கில் அப்படி உருபு கிடையாது. 'சி' என்பது ஆளின் பெயருக்கு முன்னால் போடும் வெறும் அடையாளம். வினை முதலில் வரும், பெயர்கள் பிறகு வரும். யார் செய்தது, யாருக்கு நடந்தது என்பதை வினையின் தலையில் உள்ள அசைதான் சொல்லும். தலையில் 'டி' இருந்தால், வினையை ஒட்டி முதலில் வருகிற பெயர் செய்தவனுடையது. அதே வினை 'மானுலாக்' என்று தலை மாறி வந்தால், ஒட்டி வருகிற பெயர் அகப்பட்டவனுடையது, செய்தவன் கடைசியில் வருவான். பெயர்கள் இரண்டும் அசையாமல் அதே இடத்தில் நிற்கும். வினையின் தலை மாறினால் குற்றவாளியும் மாறிவிடுவான்.

நூர் 'டி' என்றுதான் சொல்லியிருந்தாள். இல்ஹாம் ரஹ்மத்தைத் தள்ளினான். ரஹ்மத் சொன்னது அப்படியே உண்மை.

பிரதிநிதி வாசித்ததை நான் ரஹ்மத்துக்கு உள்ளபடி சொன்னேன். அது என் கடமை. அவன் கதிரையிலிருந்து எழுந்துவிட்டான். "நூர் அப்படிச் சொல்லவில்லை! அந்தச் செய்தியை எனக்கும் ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை!"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "உங்களுடைய முறை வரும்போது பேசலாம்" என்றார். ரஹ்மத்தின் சட்டத்தரணி துஷ்யந்தன், ஸ்காபரோவில் அலுவலகம் வைத்திருந்த இளம் பொடியன், அவனுடைய தோளில் கை வைத்து இருத்தினான். அவனுக்கும் மொழி தெரியாது. அந்த அறையில் இடப்பக்கத்தை வாசிக்கக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தனுக்குப் பேச அனுமதி இல்லை. மற்றவள் நான்.

சாட்சியத்தைப் பற்றி உரைபெயர்ப்பாளர் கருத்துச் சொல்லக் கூடாது. உங்களுக்கும் அதைத்தான் படிப்பித்திருப்பார்கள். நல்ல விதி. ஆனால் அதை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் நடப்பதைப் பார்த்தபடி சும்மா இருக்கிறவர்களை நான் மதிப்பதில்லை. விதி அவர்களுக்கு ஒரு போர்வை. என்னைப் பழக்கிய மூத்த உரைபெயர்ப்பாளர், கடுகடுப்பான ஒரு போர்த்துக்கேயர், ஒருமுறை சொன்னார்: "வழக்கைப் பற்றி உனக்கு அபிப்பிராயம் இருந்தால் அதை விழுங்கு. வசனத்தைப் பற்றி இருந்தால் விழுங்காதே, அதற்குத்தான் உனக்குச் சம்பளம்."

கையை உயர்த்தினேன். "உரைபெயர்ப்பாளர் மொழிபெயர்ப்புத் தொடர்பாக ஒன்றைக் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறார்" என்றேன்.

நிபுணர் சிரித்தார். சின்னப் பிள்ளை மேசைக் கரண்டியைப் பிழையாகப் பிடித்தால் சிரிப்பது போன்ற சிரிப்பு. "டி என்பது செயப்பாட்டு வினை. இந்த மொழிக் குடும்பத்தின் அரிச்சுவடி. செயப்பாட்டில் முதலில் வரும் பெயர்தான் எழுவாய். ஆகவே தள்ளப்பட்டவன் இல்ஹாம்" என்றார். ஆங்கில இலக்கணப் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சுமாத்திராவின் மலையில் நட்டுவிட்டு, அது ஏன் காய்க்கவில்லை என்றுகூட யோசிக்காத ஆள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "அவர் நிபுணர். நீங்கள் உரைபெயர்ப்பாளர். நான் எதை வைத்து முடிவு செய்வது?"

அந்த நேரத்தில் என் ஆய்வேட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். பட்டத்தைச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அது அவருடைய தாடிக்கும் என்னுடைய பட்டத்துக்கும் நடந்த போட்டியாகியிருக்கும், தாடிதான் வென்றிருக்கும். நான் தாளைப் பார்த்தேன். நாலு வரி கீழே நூர் சொன்னது: டிபியோ சி ரஹ்மத் அம்புலன்ஸ். வலப்பக்கத்தில் நிபுணரே எழுதியிருந்தார்: "ரஹ்மத் அம்புலன்ஸைக் கூப்பிட்டான்."

"இந்த வரியும் அதே அமைப்புத்தான்" என்றேன். "டி உள்ள வினை, பிறகு ரஹ்மத், பிறகு அம்புலன்ஸ். நிபுணருடைய விதிப்படி பார்த்தால் ரஹ்மத்தை அம்புலன்ஸ் கூப்பிட்டது என்றுதான் வரவேண்டும். ஆனால் அவரே ரஹ்மத் கூப்பிட்டான் என்று சரியாக எழுதியிருக்கிறார். எந்த வரியில் விதி மாறியது என்பதை மட்டும் அவர் சொன்னால் போதும்."

நிபுணர் தாளைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். "சூழலைப் பொறுத்து…" என்று தொடங்கி அதை முடிக்கவில்லை. அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். இடைவேளைக்குப் பிறகு குரல்செய்தி முழுவதையும் போட்டுக் கேட்பதாகவும், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நான் புதிதாக ஆங்கிலத்தில் சொல்லவேண்டும் என்றும் அறிவித்தார்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் உங்களுக்கு நல்லாயிருக்கும். அன்ரி வென்றுவிட்டா, கைதட்டிவிட்டு ரிம் ஹோர்ட்டன்ஸுக்குக் கோப்பி குடிக்கப் போகலாம். இந்த மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் தொழிலை மாற்றிக்கொள்வது நல்லது, ஏனென்றால் கடினமான பகுதி இனித்தான் வந்தது.

நடைபாதையில் துஷ்யந்தன் ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அன்ரி, நீங்கள் தெய்வம்! அந்தாளின்ர மூஞ்சையைப் பாத்தனீங்களே?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "முழுக்கத் திருப்பிச் சொல்லச் சொல்லுறார். வேற ஏதும் பிழை கிடக்கோ?"

"நீர் இப்ப என்னோட உதைப்பற்றிக் கதைக்கக் கூடாது, தம்பி."

"ஒண்டே ஒண்டு. இந்தச் சங்கிலி வரி."

அவன் விரல் வைத்த வரி எனக்குக் காலையிலேயே உறுத்தியிருந்தது. மேடையின் விளிம்பில் ஆள் விழாமல் இருக்க ஒரு பாதுகாப்புச் சங்கிலி மாட்டியிருக்கும். அன்று அது மாட்டியிருக்கவில்லை. மாட்டியிருந்தால் யார் யாரைத் தள்ளியிருந்தாலும் ஒருவரும் விழுந்திருக்க மாட்டார்கள். நூர் சொன்னது: டிபுவாத் சி ரஹ்மத் ராந்தே இ. எடுத்தல் என்ற வினை, ரஹ்மத், அந்தச் சங்கிலி. நிபுணருக்குத் தன் விதியின்படி 'ரஹ்மத் சங்கிலியால் எடுக்கப்பட்டான்' என்று வந்திருக்க வேண்டும். அது அர்த்தமில்லாமல் இருக்கவே, 'ரஹ்மத் சங்கிலியில் அகப்பட்டுக்கொண்டான்' என்று எழுதி வைத்துவிட்டார். சமாளித்துவிட்டார்.

துஷ்யந்தன் கெட்டிக்காரன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். "உதுவும் அதே மாதிரியோ? டி எண்டுதான் தொடங்குது."

நான் அந்தத் தாளை அவனுடைய கையிலேயே மடித்துவிட்டேன்.

"அப்ப சங்கிலியைக் கழட்டினது எங்கட ஆள்." சுவரில் சாய்ந்தான். "அன்ரி, அதை மட்டும் விடுங்கோவன். சங்கிலியில அம்பிட்டான் எண்டே இருக்கட்டும். ஆருக்கு நட்டம்? உங்களை ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை. அவன்ர பெர்மிட் அந்தக் கொம்பனியோட கட்டினது, தெரியும்தானே? அவங்களுக்கு ஒரு சாட்டுக் கிடைச்சாக் காணும், வேலையால நிப்பாட்டிப்போடுவாங்கள்."

"முதல் வரிக்கு ஒரு இலக்கணம், இந்த வரிக்கு வேற இலக்கணமோ?"

"அவன் பாவம், அன்ரி."

"பாவம்தான். உள்ள போம்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ரஹ்மத் கடதாசிக் கோப்பையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முதல் தடவையாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அந்த அறைக்குள் போவது எனக்குச் சுகமாக இருக்கவில்லை. துஷ்யந்தன் சொன்னதில் பொய்யும் இல்லை. நான் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நிபுணரா கண்டுபிடிப்பார்?

ஆனால் எனக்கு வேறொன்று தெரிந்தது. எனக்குப் பிடித்த ஆளுக்கு உதவுகிற வரியை மட்டும் திருத்தினால், நானும் அந்தத் தாடிக்காரரும் ஒன்றுதான். அவர் தெரியாமல் வளைத்தார், நான் தெரிந்துகொண்டே வளைப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்மேல் எனக்கு இருந்த இகழ்ச்சி எனக்கும் உரியதாகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது. நான் அவ்வளவு நல்லவள் என்று நினைக்காதீர்கள். எனக்கு அவ்வளவு கர்வம்.

குரல்செய்தி ஓடியது. நூர் அழுதபடி பேசியிருந்தாள். நான் வரி வரியாகச் சொன்னேன். இல்ஹாம் ரஹ்மத்தைத் தள்ளினான் என்று சொன்னபோது துஷ்யந்தன் தலையாட்டினான். "அந்தச் சங்கிலியை ரஹ்மத் எடுத்துவிட்டான்" என்று சொன்னபோது மேசையைப் பார்த்தான். அதிகாரி நேரே ரஹ்மத்திடம் கேட்டார்: சங்கிலியைக் கழற்றியது நீயா?

நான் அதை மண்டாயிலிங்கில் கேட்டேன். அவன் என்னையே பார்த்தான். சிரிப்பு இல்லை. "ஓலோ" என்றான். அவர்களுடைய மொழியில் ஓம் என்று அர்த்தம். "பெட்டி ஏற்ற அது இடைஞ்சல். கழற்றினேன். திருப்பி மாட்டவில்லை."

தள்ளிய குற்றச்சாட்டு விழுந்துபோனது. நாட்டை விட்டு அனுப்பும் பேச்சும் அதோடு முடிந்தது. ஆனால் துஷ்யந்தன் பயந்தது நடந்தது. களஞ்சியக்காரர் சங்கிலியைக் காரணம் காட்டி ரஹ்மத்தை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேறொரு முதலாளி அவனைப் பொறுப்பெடுக்கும்வரை அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் கையில் வேலை இல்லாமல் இருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். துஷ்யந்தன் வழக்கு வென்ற செய்தியைத் தன் படத்தோடு விளம்பரப் பத்திரிகையில் போட்டான். என்னை மறுபடி ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை. நிபுணர்? இரண்டு மாதம் கழித்து வேறொரு விசாரணையில் கண்டேன். அறிமுகம் செய்தபோது, அவருக்குத் தெரிந்த மொழிகளில் 'மண்டாயிலிங் உட்பட' என்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் ஒஷாவாவில் என் மகளுடைய வீட்டுக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியில் யாரோ பின்னால் இருந்து கூப்பிட்டார்கள். திரும்பினால் ரஹ்மத். கொஞ்சம் பருத்திருந்தான். பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒருவன் நின்றான். இல்ஹாமை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தக் குளிர்காலத்தைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவனும் மறைக்கவில்லை. "உங்கள் மேல் நல்ல கோபம் இருந்தது" என்றான். "ஒரு வரியில் என்னைக் காப்பாற்றினீர்கள், அடுத்த வரியில் விற்றுவிட்டீர்கள் என்று நினைத்தேன்."

"இப்போது?"

அவன் இல்ஹாமைக் காட்டினான். "இவனுக்கு அந்த நாள் நினைவே இல்லை. ஆஸ்பத்திரியால் வந்ததிலிருந்து என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் சொன்னால் நம்பவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறேன் என்றான். நூரின் குரல்செய்தி என் கையில் இல்லை. கடைசியில் அன்று விசாரணையில் நீங்கள் சொன்னதன் எழுத்துப் பதிவை வாங்கி இவனுக்கு முன்னால் வைத்தேன்."

இல்ஹாம் ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றினான். பேச்சு மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் ஒரு சொல்லும் பிசகவில்லை.

"நான் இவனைத் தள்ளினேன் என்று அதில் இருந்தது. அதை மட்டும் வாசித்திருந்தால் இவன் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருந்திருக்கும், எங்காவது போயிருப்பேன். சங்கிலியை இவன் கழற்றியதும் இருந்தது. இரண்டு பேரும் மடையர்கள் என்று தெரிந்தது. பிறகுதான் ஒரே வீட்டில் இருக்க முடிந்தது."